கடனைத் தனியே பிரித்துவிட்டுப் போன நிறுவனம்: பெர்னி பேன்டனும் ஜேம்ஸ் ஹார்டியும்

2001 பிப்ரவரி 16 அன்று ஜேம்ஸ் ஹார்டி என்ற கட்டுமானப் பொருள் நிறுவனம் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தருவதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்குகிறோம், அதனிடம் 293 மில்லியன் டாலர் சொத்து இருக்கும், நியாயமான கோரிக்கைகள் எல்லாவற்றையும் தீர்க்க அது போதும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அறக்கட்டளைக்கு வைத்த பெயரிலேயே மருத்துவ ஆராய்ச்சியும் இருந்தது, இழப்பீடும் இருந்தது. பங்குதாரர்களுக்கு நிம்மதி. நோயாளிகளுக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கு உடைந்தது. வரவிருக்கும் கோரிக்கைகளுக்குத் தேவை சுமார் 1.5 பில்லியன் டாலர் என்று 2004இல் காப்பீட்டுக் கணிப்பாளர்கள் மதிப்பிட்டார்கள். கையில் இருந்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் தாய் நிறுவனம் தன் பதிவை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது.

கல்நார்ப் புற்றுநோய்க்கான சட்ட உதவி என்றால் நல்ல வக்கீல், நல்ல மருத்துவர், பழைய வேலைச் சான்றுகள் என்றுதான் பேசுவோம். அவை வேண்டியவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: நோய் வெளியே தெரியும் நாளில் பணம் கொடுக்க வேண்டியவர் இருப்பாரா? ஜேம்ஸ் ஹார்டி விவகாரத்தை நான் அந்தக் கேள்வியாகவே பார்க்கிறேன். கல்நாரின் மொத்தக் கொடுமையும் காலத்தில் இருக்கிறது. இழை உள்ளே போன பிறகு மீசோதெலியோமா என்ற கல்நார்ப் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகும். தலைகாட்டிய பிறகு பெரும்பாலானோருக்கு மிஞ்சுவது மாதங்கள். முதல் இடைவெளி நிறுவனத்துக்குச் சாதகம்: அதற்குள் ஆலையை மூடலாம், பெயரை மாற்றலாம், நாட்டையே மாற்றலாம். இரண்டாவது இடைவெளியும் நிறுவனத்துக்கே சாதகம், வழக்கை இழுத்தால் போதும்.

கேமெலியாவின் வெள்ளை மனிதர்கள்

சிட்னியின் மேற்கே பாரமட்டாவை ஒட்டிய தொழிற்பகுதி கேமெலியா. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜேம்ஸ் ஹார்டி அங்கே ஆலை போட்டது. சிமென்ட்டையும் கல்நார் இழையையும் கலந்து அழுத்திய தகடு ஆஸ்திரேலியாவில் ‘ஃபைப்ரோ’ என்று வழங்கியது. விலை குறைவு, தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடில்லாமல் தவித்த குடும்பங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். மேற்குச் சிட்னியில் தெருத்தெருவாக ஃபைப்ரோ வீடுகள் எழும்பின.

அதே வளாகத்தில் கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை செய்யும் பிரிவு ஒன்றும் இருந்தது. ஹார்டியும் சிஎஸ்ஆர் நிறுவனமும் கூட்டாக நடத்தியது. பின்னாளில் நோயாளர்களின் போராட்டத்துக்கு முகமாக இருந்த பெர்னி பேன்டன் 1968 முதல் 1974 வரை வேலை பார்த்தது அங்கேதான். உறைகளை அளவுக்கு அறுக்கும்போது எழும் தூசு தலைமுடி, இமை, சட்டை என்று எங்கும் படியும். வேலை முடிந்து வெளியே வருபவர்கள் பனிமனிதர்கள் போல இருப்பார்கள் என்பது அங்கே வேலை பார்த்தவர்களே சொன்ன வர்ணனை. அவருடைய அண்ணன் தம்பிகளும் அதே ஆலையில் இருந்தார்கள். டெட் என்ற சகோதரர் மீசோதெலியோமாவில் இறந்தார். இன்னொருவருக்குக் கல்நார் நுரையீரல் நோய்.

கல்நார் தரும் நோய் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், சட்டத்தில் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போவது. அது புற்றுநோய் அல்ல, ஆனால் மூச்சைப் பறிக்கும். நுரையீரல் புற்றுநோய் வேறு. கல்நார்த் தூசோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் அதன் அபாயம் பன்மடங்காகும். மீசோதெலியோமா நுரையீரலையோ வயிற்று உறுப்புகளையோ சுற்றியுள்ள மெல்லிய உறையில் வருவது. அதற்குப் புகைப்பழக்கம் காரணமல்ல, அந்த நோய்க்குத் தெரிந்த முதன்மைக் காரணம் கல்நார்தான். வெள்ளை, பழுப்பு, நீலம் என எந்த வகைக் கல்நாரும் விதிவிலக்கில்லை. ஒருவருக்கு முதலில் ஒன்றும் பல ஆண்டுகள் கழித்து இன்னொன்றும் வரலாம். பேன்டனுக்கு அதுதான் நடந்தது.

1999இல் அவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று தெரியவந்தது. 2000இல் ஹார்டியின் துணை நிறுவனத்திடமிருந்து சுமார் 8 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றார். அந்த உடன்பாட்டில் ஒரு வாசல் திறந்தே விடப்பட்டிருந்தது: பின்னால் மீசோதெலியோமா வந்தால் மறுபடி வழக்குப் போடும் உரிமை. ஏழு ஆண்டுகள் கழித்து அவருக்கு அது தேவைப்பட்டது.

படுக்கையருகே வரும் தீர்ப்பாயம்

அந்த வாசலைத் திறந்து வைத்தது, சிட்னி இருக்கும் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் தூசு நோய்த் தீர்ப்பாயம். 1989இல் சட்டமியற்றி உருவாக்கினார்கள். நான் அறிந்தவரை, ஒரு நோயின் வேகத்தைப் பார்த்து அதற்கேற்பத் தன் நடைமுறையை வளைத்துக்கொண்ட நீதிமன்றங்களில் இது முன்வரிசையில் நிற்கும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது காலவரம்பு. பொதுவாக உடற்காய வழக்குகளைச் சில ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். கல்நாரில் அந்த விதி அபத்தம்; காயம் பட்டது 1970இல், வலி தெரிந்தது 2005இல். தூசு நோய்களுக்கு அந்த வரம்பையே இங்கே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது இடைக்கால இழப்பீடு. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு இன்று வாங்கிக்கொண்டு, நாளை புற்றுநோய் வந்தால் அதற்குத் தனியே கேட்கலாம். சாதாரண வழக்கில் இது நடக்காது. ஒருமுறை வாங்கினால் கணக்கு முடிந்தது.

மூன்றாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் கூர்மையானது. வலிக்கும் வேதனைக்கும் தரும் இழப்பீடு, வாதி இறந்தால் அவரோடு போய்விடும் என்பது பழைய பொதுச்சட்ட விதியின் விளைவு. அப்படியானால் எதிர்த்தரப்புக்கு இதைவிட லாபமான உத்தி கிடையாது: ஒத்திவைப்புக் கேள், காத்திரு, ஆள் போய்விடுவார். 1998இல் நியூ சவுத் வேல்ஸ் இதை மாற்றியது. நோயாளி உயிரோடு இருக்கும்போது வழக்குப் பதிவாகிவிட்டால் போதும், அவர் இறந்தாலும் அந்தத் தொகை குடும்பத்துக்கு வரும். அன்றைக்குப் பிறகு இழுத்தடிப்பதில் லாபம் இல்லாமல் போனது. நோய் உறுதியானவுடன் வக்கீலைப் பாருங்கள் என்று அங்கே மருத்துவர்களும் நோயாளர் சங்கங்களும் அவசரப்படுத்துவதற்கு இதுவே காரணம்.

சாட்சியத்திலும் ஒரு ஏற்பாடு உண்டு. கல்நார் ஆபத்து என்று நிறுவனத்துக்கு எந்த ஆண்டில் தெரியும், தூசு எப்படி நோயாகிறது என்பவற்றை ஒவ்வொரு நோயாளியும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. முந்தைய வழக்கில் வந்த வரலாற்றுச் சான்றையும் மருத்துவச் சான்றையும் பிந்தைய வழக்கில் பயன்படுத்தலாம். ஏற்கெனவே தீர்மானமான பொது விஷயங்களை அனுமதியின்றி மறுபடி கிளற முடியாது. தனிமனிதர் ஒவ்வொருவரும் ஒரு பெருநிறுவனத்தின் ஆவணக் கிடங்கைத் தனியே உடைத்துத் திறக்க வேண்டிய நிலை அதனால் ஒழிந்தது. தேவைப்பட்டால் நீதிபதி மருத்துவமனைக்கே வந்து சாட்சியம் பதிவு செய்வார்.

இவை போகத் தூசு நோய் வாரியம் என்ற தனி வழியும் உண்டு. அதன் அடிப்படைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. அங்கே யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம். அந்த மாநிலத்தில் தொழிலாளியாக இருந்தபோது தூசு பட்டது, நோய் வந்தது என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் தொடர் உதவித்தொகை, மருத்துவச் செலவு, இறந்த பின் துணைவருக்குத் தொகை எல்லாம் கிடைக்கும். இன்று அதே பணியை ஐகேர் என்ற அரசு அமைப்பு செய்கிறது. ஆனால் தொழிலாளியாக இருந்திருக்க வேண்டும். கணவனின் தூசு படிந்த சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கு அந்த வழியில்லை. தன் வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்தவருக்கும் இல்லை. அவர்கள் உற்பத்தியாளர்மீது வழக்குத்தான் போட வேண்டும்.

வழக்குப் போட உற்பத்தியாளர் இருந்தால்.

பிரிந்துபோனது எப்படி

2001இல் ஹார்டி செய்ததைச் சுருக்கிச் சொல்வது சிரமம், ஏனென்றால் சிக்கலாக இருப்பதே அதன் பலம். தூசுக்குப் பொறுப்பான வேலையைச் செய்தவை இரண்டு துணை நிறுவனங்கள். அவற்றின் பெயர்கள் அமாக்கா, அமாபா என்று மாற்றப்பட்டிருந்தன. பழைய ஹார்டி என்ற பெயரின் சுவடே அவற்றில் இல்லை. இவ்விரண்டையும் புதிய அறக்கட்டளையின் கையில் கொடுத்தார்கள். அறிவிப்பில் வந்த 293 மில்லியனில் பெரும்பகுதி அந்தத் துணை நிறுவனங்களின் சொந்தச் சொத்தே. லாபம் தரும் தொழில், அமெரிக்கச் சந்தை, பெயர், முத்திரை எல்லாம் தாய் நிறுவனத்திடம். பாகப்பிரிவினையில் நிலத்தை மூத்தவன் எடுத்துக்கொண்டு, அப்பாவின் கடனை மட்டும் இளையவன் பெயரில் எழுதி வைத்த கதைதான்.

அதே ஆண்டு அக்டோபரில் தாய் நிறுவனம் நெதர்லாந்துக்குப் போக நியூ சவுத் வேல்ஸ் உயர்நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நோயாளிகளின் நிலை என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை. விலையில் ஒரு பகுதியை மட்டும் செலுத்திய பங்குகள் என்ற ஏற்பாட்டின் வழியாக, தேவைப்பட்டால் நெதர்லாந்து நிறுவனத்திடமிருந்து 1.9 பில்லியன் டாலர் வரை கேட்டு வாங்கலாம் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. ஒப்புதல் கிடைத்தது. 2003 மார்ச்சில் அந்தப் பங்குகள் ரத்து செய்யப்பட்டன. வெளியே யாருக்கும் அறிவிக்கவில்லை.

இதில் எவ்வளவு சட்டமீறல், எவ்வளவு சட்டத்துக்கு உட்பட்ட சாமர்த்தியம்? அதைக் கண்டறிய மாநில முதல்வர் பாப் கார் 2004 பிப்ரவரியில் டேவிட் ஜாக்சன் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார். அறிக்கை செப்டம்பரில் வந்தது. முழுமையாக நிதி ஒதுக்கப்பட்டது என்ற கூற்று உண்மையல்ல, மக்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வது என்று ஜாக்சன் சொன்னார். தலைமை நிர்வாகி பீட்டர் மெக்டொனால்டின் நடத்தையைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் அதே அறிக்கையில் நோயாளிகளின் வயிற்றைக் கலக்கிய ஒரு முடிவும் இருந்தது: இந்தப் பற்றாக்குறையை நிரப்பத் தாய் நிறுவனத்துக்குச் சட்டப்படி கடமை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனி ஆள் என்பதே கம்பெனிச் சட்டத்தின் அடித்தளம். துணை நிறுவனத்தின் கடன் தாய் நிறுவனத்தின் கடன் ஆகாது.

துணை நிறுவனத்தைத் திரையாக வைத்துக்கொள்வது ஹார்டிக்குப் புதிதல்ல. மாநிலத்தின் வடக்கே பாரில்கில் என்ற இடத்தில் பூர்வகுடி மக்கள் வேலை பார்த்த கல்நார்ச் சுரங்கத்தைத் தனித் துணை நிறுவனம் ஒன்றின் பெயரில்தான் நடத்தினார்கள். 1976இல் அதை விற்றும் விட்டார்கள். அங்கே நோயுற்ற ஒருவர் 1980களில் தாய் நிறுவனத்தைப் பிடிக்க முயன்ற வழக்கு, துணை நிறுவனத் திரையை எப்போது விலக்கலாம் என்பதற்கு இன்றும் ஆஸ்திரேலியச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு.

சட்டம் தராததை வாங்கியது

நீதிமன்றத்தில் வெல்ல முடியாததைத் தெருவில் வென்றார்கள் என்று இதை எழுதிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும், முழு உண்மை ஆகாது. மூன்று அழுத்தங்கள் ஒன்றாக வந்தன. கிரெக் கோம்பே தலைமையிலான தேசியத் தொழிற்சங்கப் பேரவை பேச்சுவார்த்தையை நடத்தியது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். ஹார்டியின் பொருள்களை வாங்கமாட்டோம் என்று உள்ளூராட்சி மன்றங்கள் சொல்லத் தொடங்கின. கட்டுமானப் பொருள் விற்பவருக்கு இது நேரடி அடி. பணம் தராவிட்டால் சட்டம் போட்டுப் பிரிவினையையே செல்லாததாக்குவோம் என்று மாநில அரசு மிரட்டியது.

இவற்றின் நடுவே ஒரு முகம் தேவைப்பட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், தோளில் சிலிண்டர், குரலில் நகைச்சுவை கலந்த கோபம் என்று பேன்டன் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தார். இழப்பீடு ஏற்கெனவே வாங்கியவர் அவர். இந்தப் போராட்டத்தில் அன்றைய நிலையில் அவருக்குத் தனிப்பட்ட பணலாபம் பெரிதாக எதுவும் இல்லை. நிறுவனத்தால் அவரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 21 அன்று அடிப்படை ஒப்பந்தம் கையெழுத்தானது. நிறுவனம், மாநில அரசு, தொழிற்சங்கங்கள், நோயாளர்கள் சார்பில் பேன்டன். இறுதி வடிவம் அடுத்த ஆண்டு வந்தது, பங்குதாரர்களின் ஒப்புதல் 2007 பிப்ரவரியில். இதன்படி ஒரு புதிய இழப்பீட்டு நிதி. ஜேம்ஸ் ஹார்டி ஆண்டுதோறும் தன் செயல்பாட்டுப் பணவரவில் 35 சதவீதம் வரை, 40 ஆண்டுகளுக்கு அதில் போட வேண்டும்.

40 ஆண்டு என்ற எண்ணைக் கவனியுங்கள். நோயின் காலத்தோடு பொருந்தும்படி முதன்முறையாக ஒரு கடன் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 35 சதவீத உச்சவரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனம் பிழைத்தால்தான் நிதி பிழைக்கும் என்பது தர்க்கம். லாபம் சரிந்தால் நோயாளிகளின் பணமும் சரியும் என்பது அதே தர்க்கத்தின் மறுபக்கம். அது உடனே நடந்தும் விட்டது. அமெரிக்க வீட்டுச் சந்தை வீழ்ந்த பிறகு 2009இல் நிதி வற்றத் தொடங்கி, இழப்பீட்டைத் தவணையில் தரவேண்டி வரும் என்ற நிலை வந்தது. ஆறு மாதம் வாழப்போகிறவருக்குத் தவணை என்றால் என்ன அர்த்தம்? மத்திய, மாநில அரசுகள் 320 மில்லியன் டாலர் வரை கடன் வசதி செய்து கொடுத்துச் சமாளித்தன.

இயக்குநர்கள்மீதான வழக்கு தனி ஓட்டம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த வழக்கில், அந்த 2001 அறிவிப்பின் வரைவுக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தந்ததா இல்லையா என்பதே மையக் கேள்வி. கூட்டக் குறிப்பில் ஒப்புதல் தந்ததாக இருந்தது. எங்களுக்கு நினைவில்லை, அப்படி நடக்கவில்லை என்றார்கள் இயக்குநர்கள். மெக்டொனால்டுக்கு நிறுவனங்களை நிர்வகிக்க 15 ஆண்டுத் தடையும் மூன்றரை லட்சம் டாலர் அபராதமும் விழுந்தன. மற்ற இயக்குநர்கள் இடையில் மேல்முறையீட்டில் தப்பினார்கள். 2012 மே 3 அன்று ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் அவர்கள் கடமை தவறியதை உறுதி செய்தது. அவர்களுக்கான தண்டனை பின்னர் குறைந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

மருந்துக்கான சண்டை

2007 ஆகஸ்டில் பேன்டனுக்கு வயிற்று உறையில் மீசோதெலியோமா என்று தெரிந்தது. ஆஸ்பெஸ்டோசிஸிலிருந்து வளர்ந்ததல்ல, அதே தூசு தந்த இன்னொரு நோய்.

அப்போது இந்த நோய்க்கென்று சோதித்து நிறுவப்பட்ட கீமோ மருந்து ஒன்றுதான்: பெமெட்ரெக்செட், விற்பனைப் பெயர் அலிம்டா. நுரையீரல் உறையில் நோய் வந்த 456 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2003இல் வெளியானது. சிஸ்பிளாட்டின் என்ற பழைய கீமோ மருந்தை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 9.3 மாதம், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 12.1 மாதம். கூடவே ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் கொடுத்தால் பக்கவிளைவு தாங்கும்படி குறைந்தது. மூன்று மாதம்தானே என்று தோன்றலாம். ஒன்பது மாதத்தில் மூன்று மாதம் என்பது மூன்றில் ஒரு பங்கு ஆயுள். பலருக்கு மூச்சுத்திணறலும் வலியும் குறைந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில் தொழிலாளியாக நோயுற்றவர்களுக்கு வாரியம் அந்தச் செலவைப் பார்த்துக்கொண்டது. மற்றவர்கள் ஆயிரக்கணக்கான டாலரைக் கையிலிருந்து போட வேண்டும், ஏனென்றால் மீசோதெலியோமாவுக்கான மானிய மருந்துப் பட்டியலில் அலிம்டா இல்லை. செலவுக்கேற்ற பலன் போதாது என்று நிபுணர் குழு முன்னர் மறுத்திருந்தது. பேன்டன் இந்த முறையும் மற்றவர்களுக்காகவே கிளம்பினார். 2007 அக்டோபர் இறுதி, தேர்தல் பிரசாரம் நடக்கும் நேரம். கையெழுத்து மனுவோடு சுகாதார அமைச்சர் டோனி அபட்டின் சிட்னி அலுவலகத்துக்குப் போனார். அமைச்சர் அங்கே இல்லை. ஒருவர் நோயாளி என்பதாலேயே எல்லாவற்றிலும் தூய மனத்தவர் ஆகிவிடமாட்டார் என்ற பொருளில் அபட் பேசிவைத்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். அரசியலில் அந்தப் பேச்சு என்ன செய்ததோ, மருந்து 2008 தொடக்கத்தில் மானியப் பட்டியலில் ஏறியது.

அதற்குள் பேன்டன் இல்லை. நவம்பரில் சிட்னியின் கான்கார்ட் மருத்துவமனையில் அவருடைய படுக்கையருகே தீர்ப்பாயம் கூடிச் சாட்சியம் பதிவு செய்தது. 2000இல் திறந்து வைத்த வாசலின் வழியாக வந்த இரண்டாவது வழக்கு அது. சில நாட்களில் சமரசமானது, தொகை வெளியிடப்படவில்லை. நவம்பர் 24 இரவு தேர்தலில் வென்ற கெவின் ரட் தன் வெற்றி உரையில் அவர் பெயரைச் சொன்னார். 27 அன்று தன் வீட்டில், 61 வயதில், பேன்டன் இறந்தார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. 2009இல் கான்கார்டில் திறந்த கல்நார் நோய் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

மருத்துவம் அதன்பிறகு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையில் இடைநிலை ஆயுள் 18.1 மாதம், கீமோவில் 14.1 மாதம் என்று 600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை காட்டியது. 2021இல் ஆஸ்திரேலியா அதை மானியப் பட்டியலில் சேர்த்தது. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மார்பில் கட்டும் நீரை வடிப்பது, மறுபடி கட்டாமல் உறைகளை ஒட்டவைப்பது, வலியைத் தணிப்பது ஆகியவையே அன்றாடச் சிகிச்சையின் பெரும்பகுதி. வலிதணிப்பு மருத்துவரை முதல் வாரத்திலேயே பார்ப்பது தோல்வி அல்ல என்று குடும்பங்களுக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடிக்கிறது.

இந்தியாவில் அந்த வாசல்

ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் எல்லாவகைக் கல்நாரையும் தடைசெய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இறக்குமதியும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உற்பத்தியும் சட்டபூர்வமாகவே நடக்கின்றன. ஆனால் ஹார்டி விவகாரத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1995 ஜனவரியில், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் காலத்தின் பிரச்சினையைச் சரியாகவே பிடித்தது. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுபெற்று 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தொழிலாளிகளைக் கட்டாயம் காப்பீட்டில் சேர்க்கச் சொன்னது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றது.

40 ஆண்டு பதிவேடு வைக்கச் சொன்ன நீதிமன்றத்துக்கு 40 ஆண்டு பணம் வைத்திருக்கச் சொல்லும் சட்டம் துணையாக வரவில்லை. ஒப்பந்தக் கூலியாக வந்து போனவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மருத்துவமனையிலும் ஒரு தடை இருக்கிறது: நம் ஊரில் மார்பில் நீர் கட்டினால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். நினைப்பதில் தவறில்லை, காசநோய் அவ்வளவு அதிகம். மருந்துக்குக் கேட்காதபோது உறையிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும், முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் நோயாளியின் கோப்பில் எழுதப்பட்டால் அதுவே பின்னால் சட்டச் சான்று.

மேற்குச் சிட்னியின் சுவர்கள்

கேமெலியாவிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் செறிந்து வாழும் பகுதி. பழைய வீட்டை வாங்கி, வார இறுதிகளில் தாங்களே குளியலறையை இடித்துக் கட்டுவது அங்கே சகஜம். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈரப்பகுதிச் சுவர், கூரையோரத் தகடு, வேலி, தரைவிரிப்பின் அடித்தாள் எதிலும் கல்நார் இருக்கலாம். அசையாமல், உடையாமல், பூச்சு நன்றாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. அறுத்தாலும் துளைத்தாலும் உயர் அழுத்த நீரால் கழுவினாலும் இழை பறக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்துக்கு ஒரு துண்டு அனுப்ப வேண்டும். இறுகிய தகட்டில் 10 சதுர மீட்டருக்கு மேல் அகற்ற உரிமம் பெற்றவர் வேண்டும், உதிரும் வகையை உரிமமில்லாமல் தொடவே கூடாது.

ஏற்கெனவே இடித்தவர்களுக்கு இன்று நோயில்லாவிட்டாலும் சில குறிப்புகள் எழுதி வைப்பது நல்லது. எந்த ஆண்டு, எந்த முகவரி, எந்த அறை, யார் கூட நின்றார்கள், பழைய படங்கள், தகட்டின் பின்புறம் அச்சு இருந்ததா. வீட்டில் பட்ட தூசுக்கு ஐகேர் வழி இல்லை என்று மேலே சொன்னேன். தகட்டைச் செய்தது ஹார்டியின் பழைய துணை நிறுவனம் என்று காட்ட முடிந்தால் 2007இல் தொடங்கிய அந்த நிதியிடம் கோரலாம். தூசு நோய் வழக்குகளை மட்டுமே எடுக்கும் வக்கீல் அலுவலகங்கள் சிட்னியில் உண்டு. வென்றால்தான் கட்டணம் என்ற முறையில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்குத் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், பிள்ளைகளை நடுவில் உட்காரவைக்க வேண்டியதில்லை.